அண்ணனுக்கு ஒரு தொடுதிரை

அண்ணன் விழுந்துவிட்டான் என்று போன் வந்தபோது அவள் ஒரு பல் மருத்துவமனையின் வரவேற்பு மேசைக்கு அடியில் தலையை விட்டுக்கொண்டிருந்தாள். அந்த மேசையில் இரண்டு மானிட்டர்கள். ஒன்று வரவேற்பில் இருக்கும் பெண்ணுக்கு. மற்றது, வருகிறவர்கள் தங்கள் பெயரைத் தொட்டு வந்துவிட்டோம் என்று பதிவு செய்வதற்கு. முந்தைய நாளிலிருந்து அவர்கள் தங்கள் திரையைத் தொட்டால் இந்தப் பெண்ணின் திரையில் அம்புக்குறி ஓடியது.

"நேத்து ஒருத்தர் விரல வெச்சதும் நான் பாதி அடிச்சு வெச்சிருந்த கடிதம் காணாமப் போச்சுக்கா. பேய் கீய் புகுந்திருச்சான்னு டாக்டரே கேக்குறாரு."

"பேயெல்லாம் இல்ல. ஒயர யாரோ கழட்டி மாட்டியிருக்காங்க. எந்தத் திரையில தொடுறாங்கன்னு கம்ப்யூட்டருக்குக் குழம்பிப்போச்சு. சொல்லிக் குடுத்தா சரியாயிடும்."

அப்போதுதான் அண்ணியின் போன். குளிக்கப் போனவர் வெளியே வரவில்லை, கதவை உடைத்துத்தான் தூக்கினோம், வாய் ஒரு பக்கமாகக் கோணியிருக்கிறது, ஆம்புலன்சில் போய்க்கொண்டிருக்கிறோம் என்று அண்ணி மூச்சு வாங்கச் சொன்னாள்.

"வரேன் அண்ணி" என்று சொல்லிப் போனை வைத்தாள். பிறகு திரையின் நான்கு மூலைகளிலும் தோன்றிய கூட்டல் குறிகளை ஒவ்வொன்றாக அழுத்தினாள். மறுபடி ஒருமுறை அழுத்திச் சரிபார்த்தாள். அந்தப் பெண்ணைத் தொட்டுப் பார்க்கச் சொன்னாள். வேலை முடிந்ததற்குக் கையெழுத்தும் வாங்கிக்கொண்டாள். தெருவுக்கு வந்து ஆட்டோவில் ஏறிய பிறகுதான், போன் வந்து இருபது நிமிடம் ஆகியிருப்பதைப் பார்த்தாள். அழுகை வரவில்லை. பதற்றம்கூட வரவில்லை. காதுக்குள் தண்ணீர் போனதுபோல எல்லாச் சத்தமும் கொஞ்சம் தள்ளிக் கேட்டது, அவ்வளவுதான். அந்தத் தண்ணீர் பல மாதங்களுக்கு வடியவே இல்லை.

தொடுதிரை மானிட்டர்கள் விற்று, பொருத்தி, பழுது பார்க்கும் ஒரு சிறிய நிறுவனத்தில் அவளுக்குப் பன்னிரண்டு வருட வேலை. அலுவலகத்தில் எல்லாருக்கும் அவள் 'டச்சக்கா'தான். முதலாளிகூட வாடிக்கையாளர்களிடம், "இருங்க, டச்சக்காவக் கேட்டுச் சொல்றேன்" என்பார். வருகிறவர்கள் எடுத்தவுடன் எத்தனை அங்குலம் என்று கேட்பார்கள். அவள் மூன்று கேள்விகளைத் திருப்பிக் கேட்பாள். யார் தொடப்போகிறார்கள்? எப்படிப்பட்ட கையால் தொடுவார்கள்? அந்தத் திரைமேல் என்னென்ன விழும், சிந்தும், தெறிக்கும்? பேக்கரிக்காரர் மாவுக் கையோடும் கையுறையோடும் தொடுவார். அவருக்கு அழுத்தினால் வேலை செய்கிற திரை. நகைக் கடையில் சுத்தமான விரல்கள், பளபளப்பும் வேண்டும். அவர்களுக்குச் செல்போனில் இருப்பதுபோன்ற கண்ணாடித் திரை. வீட்டுக்கு வாங்க வந்த ஒருவர் சுவரளவு மானிட்டர் கேட்டபோது, "அவ்ளோ பெரிசு வாங்கினா சமையல் குறிப்பு படிக்க நீங்க பக்கத்து ரூம்ல போய் நிக்கணும்" என்று சொல்லிச் சின்னதைக் கொடுத்தனுப்பினாள்.

அண்ணன் அவளைவிட மூன்று வயது மூத்தவன். கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பது அவன் தொழில். காலையிலிருந்து மாலை வரை பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து பேசிக்கொண்டே இருப்பான். அவர் வாய்தான் வண்டியின் இரண்டாவது பிரேக் என்று அவனிடம் கற்றவர்கள் கேலி செய்வார்கள். வீட்டுக்கு வந்தாலும் வாய் ஓயாது. அவள் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. இரண்டு தெரு தள்ளித் தனியாக இருந்தாள். ஞாயிற்றுக்கிழமை அவன் வீட்டுக்குப் போனால் அவன் பேசுவான், அவள் கேட்டுக்கொண்டே காய் நறுக்குவாள்.

இப்போது அவனுக்கு வலப்பக்கம் முழுவதும் விழுந்துவிட்டது. பேச்சு அடியோடு போய்விட்டது. ஆஸ்பத்திரியில் நாற்பது நாள். அவள் தினமும் வேலை முடிந்து போனாள். படிவங்களை நிரப்பினாள், மாத்திரைகளை நேரப்படி டப்பாவில் பிரித்து வைத்தாள், டாக்டர் சொன்னதை அண்ணிக்கு விளக்கினாள். பார்க்க வந்த சித்தி, "எவ்வளவு தைரியம் பாரு இந்தப் பொண்ணுக்கு. கண்ணுல ஒரு பொட்டுத் தண்ணி வரலயே" என்றாள். அது தைரியம் இல்லை என்று அவளுக்குத் தெரியும். என்னவென்றுதான் தெரியவில்லை. சாப்பிட்டால் உப்பு இருக்கிறதா என்று தெரியவில்லை. தூங்கினால் தூங்கியது தெரியவில்லை.

வீட்டுக்குக் கூட்டி வந்த பிறகு பேச்சுப் பயிற்சி கொடுக்க ஓர் அம்மா வந்தார். பத்து நாள் பார்த்துவிட்டு அவர் சொன்னார்: "நாம பேசுறது அவருக்குப் புரியுது. எவ்வளவு புரியுதுன்னுதான் சொல்ல முடியல. இடது கை கொஞ்சம் அசையுதே, படம் போட்ட பலகை ஒண்ணு குடுத்துப் பாருங்க. நீங்க தொடுதிரை வேலையிலதானே இருக்கீங்க? அதுலயே செஞ்சிடலாமே."

அன்றைக்கு அலுவலகத்தில் அவள் தன்னிடமே அந்த மூன்று கேள்விகளையும் கேட்டுக்கொண்டாள். யார் தொடப்போகிறார்கள் என்பதற்கு, 'ஆண், நாற்பத்தாறு வயது' என்று தாளில் எழுதினாள். பிறகு, 'இடது கை, பலமில்லை, நடுக்கம் உண்டு. பாலும் எச்சிலும் சிந்தலாம்' என்று எழுதினாள். வேறு யாருக்கோ எழுதுவதுபோலத்தான் இருந்தது.

முதலில் கண்ணாடித் திரை ஒன்றைக் கொண்டுபோனாள். மெல்லத் தொட்டாலே போதும் என்று கணக்குப் போட்டிருந்தாள். அவன் விரல் போய்ச் சேர்வதற்குள் மணிக்கட்டு திரைமேல் சாய்ந்தது. உள்ளங்கை பட்ட இடத்தையெல்லாம் திரை விரல் என்று எடுத்துக்கொண்டு ஒரே நேரத்தில் நான்கு வார்த்தைகளைச் சொன்னது. விரல் பட வேண்டிய இடத்தில் பட்டபோதோ, காய்ந்து சில்லிட்டிருந்த அந்த நுனியைத் திரை கண்டுகொள்ளவே இல்லை. அடுத்து, பேக்கரிகளுக்குக் கொடுக்கிற வகை. அதை அழுத்த வேண்டும். அண்ணன் அழுத்திப் பார்த்தான். நெற்றியில் வியர்வை கோத்தது, திரை அசையவில்லை.

"விடும்மா. அவரப் போட்டுப் படுத்தாத" என்றாள் அண்ணி.

மூன்றாவதாகக் கொண்டுவந்தது, திரையைச் சுற்றிச் சட்டம் வைத்த மானிட்டர். சட்டத்தின் ஓரங்களிலிருந்து கண்ணுக்குத் தெரியாத கதிர்கள் குறுக்கும் நெடுக்கும் ஓடும். எது குறுக்கே வந்தாலும் அது தொடுதல்தான். விரலுக்குப் பலமும் வேண்டாம், சூடும் வேண்டாம். மணிக்கட்டுத் தொல்லைக்காக, முதலில் பட்டதை மட்டும் கணக்கில் எடு, பிறகு படுவதை விட்டுவிடு என்று மானிட்டரின் செட்டிங்கில் ஒரு குறியிட்டு வைத்தாள். ஒரு விநாடி நிலைத்தால்தான் வார்த்தை வரும் என்று இன்னொன்று. மூன்று வரிசையில் ஒன்பது படங்கள் போட்டாள். தண்ணி, வலி, பசி. குளிருது, பாத்ரூம், போதும். ஆமா, இல்ல, வா. கம்ப்யூட்டரின் குரல் லிஃப்ட் பேசுவதுபோல இருந்ததால், சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு ஒன்பது வார்த்தைகளையும் தன் குரலிலேயே பதிவு செய்தாள்.

வளையும் கைப்பிடி ஒன்றில் மானிட்டரைப் பொருத்தி அவன் முன்னால் நிறுத்தினாள். அண்ணன் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு இடது கை எழும்பி, அலைந்து, ஒரு படத்தின்மேல் நின்றது.

"தண்ணி" என்றது திரை.

அண்ணி ஓடிப்போய் டம்ளரோடு வந்தாள். பாதி உள்ளே போனது, பாதி கழுத்தில் வழிந்தது. அண்ணி துடைத்துக்கொண்டே அழுதாள். இவளோ, கைப்பிடியின் திருகாணி ஒன்று லேசாக இருக்கிறது என்று கண்டுபிடித்து அதை முறுக்கிக்கொண்டிருந்தாள்.

அடுத்த மாதம், உடற்பயிற்சி கொடுக்க வருபவர் அண்ணனைத் தினமும் ஒன்றரை மணி நேரம் நாற்காலியில் உட்கார வைக்கச் சொன்னார். அண்ணி கண்ணாடிக் கடை ஒன்றில் மூக்குக் கண்ணாடிக்கு லென்ஸ் பொருத்துகிற வேலை பார்த்தாள். காலையில் பக்கத்து வீட்டு அம்மா அண்ணனைப் பார்த்துக்கொள்வார், மதியம் அண்ணி வந்துவிடுவாள். மூன்று மணிக்கு அவனை எழுப்பி நாற்காலியில் உட்கார வைப்பாள். அவன் தெருவைப் பார்க்கட்டும் என்று நாற்காலியை மேற்கு ஜன்னலோரம் போட்டாள். மானிட்டரையும் அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

அன்று மாலையே போன் செய்தாள். "இன்னிக்கு உங்க அண்ணன் என்னை இருபது தடவை கூப்பிட்டாரு, தெரியுமா?"

"கூப்பிட்டானா?"

"வா, வான்னு. அடுப்புல பால் வெச்சிருக்கேன், வா. துணி மடிக்கிறேன், வா. கல்யாணமாகிப் பதினாறு வருஷத்துல இப்படிக் கூப்பிட்டதே இல்லம்மா. எப்பவும் 'ஏய், எங்க இருக்க'தான்."

அடுத்த நாளும் கூப்பிட்டான். அதற்கடுத்த நாளும். அண்ணியின் குரல் மாறிவிட்டது. சித்திக்குச் சொன்னாள், கடையில் சொன்னாள். "மூணு மணி ஆனா தலை வாரிக்கிறேன், சிரிக்காத" என்று இவளிடம் சொன்னாள். இவள் சிரிக்கவில்லை. சந்தோஷப்பட வேண்டும் என்று தோன்றியது. சந்தோஷம் எங்கே இருக்கும் என்று தேடிப் பார்த்துவிட்டு, "நல்லது அண்ணி" என்றாள்.

பதினோராம் நாள் பக்கத்துத் தெருவில் ஒரு வேலை சீக்கிரம் முடிந்தது. மூன்றே காலுக்கு அண்ணன் வீட்டுக்குப் போனாள். அண்ணி சமையலறையில் இருந்தாள். அண்ணன் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தான். மடியில் துண்டு. இடது கை துண்டுக்கு அடியில். வலது கை நாற்காலிக்கு வெளியே தொங்கிக்கொண்டிருந்தது.

"வா" என்றது திரை, அவளுடைய குரலில்.

"வந்துட்டேன், வந்துட்டேன்" என்று அண்ணி ஈரக்கையைத் துடைத்துக்கொண்டே ஓடி வந்தாள்.

இவள் அண்ணனின் கையைப் பார்த்தாள். அது துண்டுக்கு அடியில்தான் இருந்தது. திரையைப் பார்த்தாள். ஜன்னல் வழியாக வந்த வெயில் மானிட்டர் சட்டத்தின் வலது கீழ் மூலையில் ஒரு பட்டையாக விழுந்திருந்தது. அந்த மூலையில்தான் 'வா'. இதை அவள் ஐம்பது கடைகளிலாவது பார்த்திருப்பாள். வாசலோரம் மானிட்டரை வைப்பார்கள், வெயில் சட்டத்துக்குள் புகுந்து கதிரின் கண்ணைக் கூச வைக்கும், யாரும் தொடாமலே திரை தொட்டதாக நினைத்துக்கொள்ளும்.

அண்ணி ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, துண்டுக்குள்ளிருந்து அவன் இடது கையை எடுத்துத் தன் இரண்டு கைகளுக்குள் வைத்துக்கொண்டாள். அவன் அவளைப் பார்த்தான். கண்ணோரம் நீர் கோத்து இறங்கியது.

"பாரு, சந்தோஷத்துல கண்ணு கலங்குறத" என்று அண்ணி முந்தானையால் துடைத்துவிட்டாள்.

சொல்லாமல் விட்டுவிடலாம் என்றுதான் அவள் முதலில் நினைத்தாள். யாருக்கு என்ன நஷ்டம்? இன்னும் இரண்டு மாதத்தில் சூரியன் இடம் மாறிவிடும், தானாக நின்றுபோகும். ஆனால் பன்னிரண்டு வருடப் பழக்கம் கையை விடவில்லை. எந்தத் திரை தப்பாகப் பேசினாலும் அவள் பதிவேட்டைத் திறந்து பார்ப்பாள். சாப்பாட்டு மேசையில் லேப்டாப்பை வைத்து, மானிட்டரின் பதிவுகளைத் திறந்தாள்.

இரண்டு பட்டியல்கள் இருந்தன. ஒன்று, திரை வாய்விட்டுச் சொன்ன வார்த்தைகள். மூன்று மணியிலிருந்து நாலரை வரை எல்லாமே 'வா'. இன்னொன்று, சொன்னாலும் சொல்லாவிட்டாலும் சட்டம் உணர்ந்த எல்லாத் தொடுதல்களும். அதில் வலது கீழ் மூலை முதலாவதாக இருந்தது. அதற்குக் கீழே, இரண்டாவதாக, மேல் வரிசையின் நடுவில் ஒரு தொடுதல். ஒரு விநாடி. இரண்டு விநாடி. மறுபடியும் அதே இடம்.

மேல் வரிசையின் நடுவில் இருந்தது 'வலி'.

நாள்வாரியாக எண்ணிப் பார்த்தாள். முதல் நாள் ஒன்பது முறை. இரண்டாம் நாள் பதினான்கு. நான்காம் நாள் முப்பத்தொன்று. ஏழாம் நாள் பன்னிரண்டு. நேற்று இரண்டு. இன்று ஒன்றுகூட இல்லை.

வெயில் முதலில் தொட்டுவிட்டது. பிறகு படுவதை விட்டுவிடு என்று குறியிட்டு வைத்தது அவள்தான். அண்ணன் வலி, வலி என்று சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறான். திரை அவள் குரலில் வா, வா என்று சொல்லியிருக்கிறது. அண்ணி ஓடி வந்து, அவனுக்கு இருந்த ஒரே கையையும் பிடித்துக்கொண்டிருக்கிறாள்.

லேப்டாப்பை மூடினாள். தொட்டியில் மூன்று டம்ளர்கள் கிடந்தன. கழுவித் துடைத்துக் கவிழ்த்து வைத்தாள். பிறகு அண்ணியைச் சமையலறைக்குக் கூப்பிட்டாள்.

"அண்ணி, அது அண்ணன் கூப்பிட்டது இல்ல. வெயிலு."

"என்ன வெயிலு?"

சொன்னாள். சட்டம், கதிர், மூலை எல்லாவற்றையும் வாடிக்கையாளருக்குச் சொல்வதுபோலவே வரிசையாகச் சொன்னாள். அண்ணி கேட்டுக்கொண்டே நின்றாள். கையிலிருந்த கரண்டியை எங்கே வைப்பதென்று தெரியாமல் மறு கைக்கு மாற்றினாள்.

"ஒரு தடவகூட அவரு கூப்பிடலயா?"

"வெயில் இல்லாத நேரத்துல 'வா' ஒண்ணுகூட இல்ல அண்ணி."

"இத நீ சொல்லாமலே இருந்திருக்கலாம்."

"இருந்திருப்பேன். ஆனா அந்த நேரத்துல அவன் வேற ஒண்ணு சொல்லிட்டிருந்திருக்கான். வலின்னு. திரை அத எடுத்துக்கல. நான் வெச்ச செட்டிங் அப்படி."

அண்ணி கரண்டியை மேசைமேல் போட்டாள். "எங்க வலி?"

இருவரும் அறைக்குப் போனார்கள். இவள் ஜன்னல் திரைச்சீலையை இழுத்து மூடினாள். மூலையில் இருந்த வெளிச்சப் பட்டை போனது, மானிட்டர் வாயை மூடிக்கொண்டது. செட்டிங்குக்குள் போய் அந்தக் குறியை எடுத்துவிட்டு, அண்ணனுக்கு எதிரே தரையில் உட்கார்ந்தாள்.

"அண்ணா, இப்ப கேக்கும். வலிக்குதா?"

அவன் திரையைப் பார்த்தான். கை எழவில்லை. இனிமேல் எதற்கு என்பதுபோல அப்படியே கிடந்தது. "விடும்மா" என்றாள் அண்ணி, மெதுவாக. இவள் விடவில்லை. அப்படியே உட்கார்ந்திருந்தாள். கடைசியில் கை எழும்பியது.

"வலி."

கால் என்று தொட்டுக் காட்டினாள். 'இல்ல.' இடுப்பு. 'இல்ல.' கழுத்து. 'இல்ல.' வலது பக்கத்தை யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். அது மரத்துப்போன பக்கம், ஒன்றும் தெரியாது என்றுதான் எல்லாரும் வைத்திருந்தார்கள். அவள் தொங்கிக்கொண்டிருந்த வலது கையின் தோளில் விரல் நுனியை வைத்தாள். வைத்ததும் அவன் முகம் சுருங்கியது.

"ஆமா" என்றது திரை. "ஆமா. ஆமா. ஆமா."

மறுநாள் உடற்பயிற்சிக்காரர் வந்து பார்த்துவிட்டுத் தலையில் கைவைத்துக்கொண்டார். "கை அசையலன்னா வலி தெரியாதுன்னு அர்த்தம் இல்லம்மா. தாங்கல் இல்லாம தொங்கவிட்டா கையோட கனமே தோள் மூட்ட இழுத்துக் கீழ இறக்கிடும். உக்கார வைங்கன்னு சொன்ன நான் இதையும் சொல்லியிருக்கணும்." தோளுக்கு ஒரு பட்டை கட்டினார். கைக்கு அடியில் தலையணை வைக்கச் சொன்னார். பத்து நாளில் வலி ஓரளவு அடங்கியது. பதிவேட்டில் 'வலி' நாளுக்கு ஒன்று, இரண்டு என்று குறைந்தது. அவள் தினமும் எண்ணினாள்.

அண்ணி அவளிடம் கோபப்படவில்லை. அளவாகப் பேசினாள். அண்ணனுக்குச் செய்ய வேண்டிய எதிலும் குறை வைக்கவில்லை. வேலையை முடித்து அறைக்கு வருவாள், துடைப்பாள், திருப்பிப் படுக்க வைப்பாள், போய்விடுவாள். ஸ்டூல் சுவரோரமாகவே இருந்தது. நாற்காலியையும் மானிட்டரையும் வெயில் எட்டாத கிழக்குச் சுவருக்கு மாற்றியாயிற்று.

மூன்று வாரம் கழித்து, ஒரு சனிக்கிழமை மதியம், அண்ணி கேட்டாள்: "அந்த 'வா'வ எடுத்துடேன். சும்மாதானே இருக்கு. அந்த இடத்துல வேற ஏதாவது போடு."

"எடுக்கட்டுமா அண்ணா?" என்று அவள் அவனைக் கேட்டாள்.

கை அலைந்து போய் நின்றது. "இல்ல."

"இல்லயா?" அண்ணி இடுப்பில் கைவைத்துக்கொண்டு அவன் முன்னால் வந்து நின்றாள். "அப்ப கூப்பிட வேண்டியதுதானே? யாரு பிடிச்சுக்கிட்டாங்க? பதினோரு நாள் வெயிலுக்கெல்லாம் ஓடி வந்திருக்கேன் நான். தலை வாரிட்டு ஓடி வந்திருக்கேன். உங்களுக்கு ஒரு தடவ அத தொட முடியல, வெச்சுக்கவும் வேணுமாம்!"

விழுந்த நாளிலிருந்து அண்ணனை யாரும் திட்டியதே இல்லை. எல்லாரும் குழந்தையிடம் பேசுவதுபோலத்தான் பேசினார்கள். அவன் அண்ணியைப் பார்த்தான். கோணிய வாயின் நல்ல பக்கம் லேசாக இழுத்துக்கொண்டது. கை எழும்பி, மேல் வரிசைக்குப் போனது.

"பசி" என்றது திரை.

"அதானே பாத்தேன்" என்று அண்ணி முணுமுணுத்துக்கொண்டே சமையலறைக்குப் போனாள். ரொட்டியைப் பாலில் ஊறவைத்து, கிண்ணத்தோடு திரும்பி வந்தாள். சுவரோரம் இருந்த ஸ்டூலைக் காலால் இழுத்துப் போட்டு உட்கார்ந்து, ஊட்ட ஆரம்பித்தாள். ஊட்டிக்கொண்டே, கடைக்கு வந்த ஒருவர் தலையிலேயே கண்ணாடியை வைத்துக்கொண்டு அரை மணி நேரம் தேடிய கதையைச் சொன்னாள்.

எதிரே இருந்த நாற்காலியில் உட்கார்ந்து இவள் கேட்டுக்கொண்டிருந்தாள். கால்கள் கடுத்தன. எப்போதிலிருந்து கடுக்கின்றன என்று தெரியவில்லை. அண்ணி சொல்லிக்கொண்டே போனாள். கதையின் பாதியில் இவளுக்குத் தலை சாய்ந்துவிட்டது.

கண் விழித்தபோது ஐந்தரை ஆகியிருந்தது. அண்ணி கிண்ணத்தை எடுத்துக்கொண்டு போயிருந்தாள். கழுத்து சுளுக்கிக்கொண்டிருந்தது. திருப்பினால் சுரீர் என்று இழுத்தது. அவள் "ஸ்ஸ்" என்று கழுத்தைப் பிடித்துக்கொண்டாள். அண்ணன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"என்ன பாக்குற?" என்றாள். "ரெண்டு மணி நேரமா எழுப்பாம விட்டிருக்க. அதுக்கு ஒரு படம் போடணும்போல."

சமையலறையில் அண்ணி பாத்திரம் கழுவும் சத்தம் காதுக்குப் பக்கத்திலேயே கேட்டது. அவள் கழுத்தைத் தேய்த்துக்கொண்டே சமையலறைக்குப் போய், அண்ணியிடம் தைலம் இருக்கிறதா என்று கேட்டாள்.